வாரண்டி ஓடும் டர்போ காரில் டியூனிங் பாக்ஸ்: ஏழு மாத அனுபவம்

டர்போ காரின் திறனைக் கூட்டுவதற்கென்று விற்கப்படும் டியூனிங் பாக்ஸ் என்பது இவ்வளவுதான்: சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து பிரியும் வயர்கள், கைப்பேசியில் ஒரு செயலி. இவற்றுக்காக 2024 ஜூன் மாதத்தில் 34,500 ரூபாய் கொடுத்தேன். அப்போது என் காரின் வாரண்டியில் இன்னும் இரண்டரை ஆண்டு பாக்கி இருந்தது. ஏழு மாதத்தில் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டேன். பெட்டி ஏமாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அட்டையில் போட்டிருந்ததில் பெரும்பகுதியை அது கொடுத்தது. ஆனால் அதை எப்படிக் கொடுக்கிறது என்பது முழுவதும் புரிந்தபோது, வாரண்டியில் இருக்கும் வண்டியில் அதற்கு இடமில்லை என்ற முடிவுக்கு வந்தேன். தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் கிடைக்கும் பெட்டிகள் அநேகமாக ஒரே முறையில்தான் இயங்குகின்றன என்பதால், இங்கே சொல்லப்போவது அவற்றுக்கும் பெருமளவு பொருந்தும்.

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.0 டிஎஸ்ஐ இன்ஜின் பொருத்திய செடான்: 999 சிசி, மூன்று சிலிண்டர், 115 பிஎஸ் திறன், 178 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை), ஆறு கியர் கொண்ட மேனுவல். கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்கு நான்கு வழிச்சாலையில் தனியாகப் போகும்போது இந்த வண்டியில் ஒரு குறையும் தெரியாது. ஐந்து பேர் ஏறி, ஏசியும் ஓடி, மலைப்பாதையில் வேகம் குறைந்து ஒரு வளைவைக் கடக்கும்போதுதான் இன்ஜின் சிறியது என்பது நினைவுக்கு வரும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,700 சுற்றுகளுக்கு (ஆர்பிஎம்) கீழே சுழலும்போது, எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இன்னும் முழு வீச்சுக்கு வந்திருக்காது. மிதித்த காலுக்கும் நகரும் வண்டிக்கும் இடையே ஒரு சிறு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டும் என்பதே என் நோக்கம், மற்றவர்களை முந்திக்கொண்டு போவதில் எனக்கு ஆசை இல்லை.

பெட்டி செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. இன்ஜினை ஆளும் கணினியான இசியு, டர்போ எவ்வளவு காற்றை அழுத்தி அனுப்புகிறது என்பதைக் காற்றுக் குழாயில் உள்ள பிரஷர் சென்சார் சொல்லித்தான் அறியும். டியூனிங் பாக்ஸ் அந்த சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வரும் சிக்னலைச் சற்றுக் குறைத்து அனுப்புகிறது. குழாயில் 1.5 பார் அழுத்தம் இருக்கும்போது 1.35 பார்தான் இருக்கிறது என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இசியு அதை அப்படியே நம்பி, அழுத்தம் போதவில்லை என்று டர்போவின் சக்கரமான டர்பைனுக்குப் போகாமல் எக்ஸாஸ்ட் வாயுவை விலக்கிவிடும் கதவான வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் மூடும். எக்ஸாஸ்ட் வாயு வெளியே தப்பிப் போகாமல் டர்பைனை மேலும் வேகமாகச் சுழற்றும்; காற்று கூடும். கூடிய காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை, எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் துணையோடு இசியு தானே கூட்டிக்கொள்ளும். டீசல் கார்களில் டீசலின் அழுத்தத்தை அளக்கும் காமன் ரெயில் பிரஷர் சென்சாரிடம் இதே வேலையைச் செய்கிறார்கள். எந்த வகையானாலும் அடிப்படை ஒன்றுதான்: இன்ஜினிடம் உண்மையை மறைத்து அதிகமாக உழைக்க வைப்பது.

மாட்டுவது மிகவும் எளிது, அதில் விற்பனையாளர்கள் சொல்வது பொய் இல்லை. பானட்டைத் திறந்து, இன்ஜின் ஆறும் வரை அரை மணி நேரம் காத்திருந்து, மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை இழுத்து எடுத்தேன். இந்த இன்ஜினில் இரண்டு பிரஷர் சென்சார்கள் உண்டு. சர்வீஸ் ஆட்கள் ஜி31 என்று சொல்வது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலுக்கு முன்னால் இருப்பது. ஜி71 அதைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் இருப்பது. ஒவ்வொன்றின் கனெக்டரிலும் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது. அதை நகத்தால் பின்னுக்குத் தள்ளி, நாக்கை அழுத்தி இழுத்தால் 'டக்' என்று கழன்று வரும். பெட்டியின் வயரில் ஆண் முனை, பெண் முனை இரண்டும் இருப்பதால், ஒன்றை சென்சாரிலும் மற்றொன்றைக் காரின் வயரிலும் செருகினால் போதும். எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது. கனெக்டர்களின் தரமும் வயர்களுக்கு மேல் போட்டிருந்த துணி உறையும் நன்றாகவே இருந்தன. பெட்டியைக் கட்டுவதற்குக் கொடுத்த பிளாஸ்டிக் டை மட்டும் மட்டமானது. இரண்டே மாதத்தில் வெப்பத்தில் இறுகி உடைந்துபோனது.

ஓட்டிப் பார்த்தபோது வித்தியாசம் முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்தது. நண்பர் ஒருவரின் ஜிபிஎஸ் கருவியை வைத்து, அதிகாலையில் வாகனங்கள் இல்லாத ஒரு நேர்ச்சாலையில், நான்காவது கியரில் 60-லிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று பெட்டி இல்லாமலும், பெட்டியின் திறன் கூட்டும் ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறை அளந்தோம். பெட்டி இல்லாமல் சராசரி 8.3 விநாடி, நடுத்தர நிலையில் 7.1, உச்ச நிலையில் 6.9. நடுத்தர நிலைக்கும் உச்ச நிலைக்கும் வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருந்ததால், பிறகு உச்ச நிலையை நான் தொடவே இல்லை. லாரியை முந்தும்போது ஒரு கியர் இறக்க வேண்டிய தேவை பல இடங்களில் இல்லாமல் போனது. மைலேஜில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆனால் 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே இருந்த தயக்கம், நான் எதைப் போக்க வாங்கினேனோ அது, அப்படியே இருந்தது. டர்போவிடம் காற்று இருந்தால்தானே பெட்டி அதைக் கூட்ட முடியும்? எக்ஸாஸ்ட் வாயுவே போதாத இடத்தில் எந்த சிக்னலை மாற்றினாலும் பயன் இல்லை. இதை வாங்குவதற்கு முன்பே நான் யோசித்திருக்க வேண்டும். விற்றவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அளவு பற்றி முக்கியமான ஒரு செய்தி. பலரும் இசியுவில் உள்ள தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைக் காரில் செருகி, கைப்பேசியில் பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) அளவைப் பார்த்து, 'பெட்டிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவுதான் காட்டுகிறது, ஆகவே பாதுகாப்பானது' என்று நம்புகிறார்கள். ஓபிடி கருவி காட்டுவது இசியுவுக்குத் தெரிந்ததை மட்டுமே. இசியுவுக்குத் தெரிந்ததோ பெட்டி குறைத்துச் சொன்ன அளவு. குழாயில் இருக்கும் உண்மையான அழுத்தத்தை அறிய வேண்டுமானால் தனியாக ஒரு பூஸ்ட் கேஜ் பொருத்த வேண்டும். பெட்டி மாட்டிய காரில் உண்மையான அழுத்தம் தெரிந்தது பெட்டிக்கு மட்டும்தான். ஓட்டுநருக்கும் தெரியாது, இசியுவுக்கும் தெரியாது.

வெயில் நாட்களில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். 2024 செப்டம்பரில் வெயில் மீண்டும் ஏறிய நாட்களில், நண்பகலில், சாதாரண பெட்ரோலில், பெட்டியின் பலன் பாதியாகக் குறைந்தது போல இருந்தது. காரணம் கண்டுபிடிக்கக் கடினம் இல்லை. அழுத்தம் கூடக் கூட சிலிண்டரில் வெப்பம் கூடும். பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் தலைகாட்டும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் இசியு தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். கூடிய திறன் அங்கேயே கரைந்துவிடும். நாக்கிங்கை அதிகம் தாங்கும் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டபோது இழுவை திரும்ப வந்தது. அதாவது பெட்டியின் விலையோடு ஒவ்வொரு டேங்குக்கும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். இதைவிடக் கவலை தருவது, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் கொண்ட சிறிய டர்போ இன்ஜின்களுக்கே உரிய இன்னொரு ஆபத்து. குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. அது கடுமையாக நடந்தால் பிஸ்டனே உடையும். ஆயில் இதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளோடுதான் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) இன்ஜின் ஆயில் தரங்களான எஸ்என் பிளஸ் 2018-இலும், எஸ்பி 2020-இலும் வந்தன. இந்த ஆபத்தை மனத்தில் வைத்துத் தயாரிப்பாளர் விட்டிருந்த இடைவெளியைத்தான் பெட்டி எடுத்துச் செலவழிக்கிறது.

கியர்பாக்ஸையும் மறக்கக் கூடாது. இந்த இன்ஜினோடு வரும் மேனுவல் கியர்பாக்ஸுக்கு எம்க்யூ200 என்று பெயர். அந்த 200 என்பது அது தாங்கும் டார்க்கின் அளவையே குறிக்கிறது. பெட்டியின் அட்டையோ 178-க்கு மேல் 40 நியூட்டன் மீட்டர் கூட்டித் தருவதாகச் சொல்கிறது. கூட்டிப் பார்த்தால் 218 வருகிறது. கியர்பாக்ஸ் உடனே உடைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, வடிவமைப்பாளர்கள் ஓரளவு தாராளம் வைத்திருப்பார்கள். ஆனாலும் இந்தக் கணக்கை அட்டையிலோ விற்பனைப் பேச்சிலோ யாரும் சொல்வதில்லை.

பெட்டி மாட்டிய ஏழாவது மாதம், 2025 ஜனவரியில், அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மைசூருக்குப் புறப்பட்டோம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒன்பதாவது வளைவில் வேகம் குறைத்துத் திரும்பி மறுபடி மிதித்தபோது, இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டில் கோளாறு என்று எச்சரிக்கும் இபிசி விளக்கும் இன்ஜின் விளக்கும் ஒன்றாக எரிந்தன. வண்டி தன் பலத்தை எல்லாம் விட்டுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் இரண்டாவது கியரில் மனிதர் ஓடும் வேகத்துக்குமேல் ஏறவில்லை. பின்னால் கர்நாடக அரசுப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கியது. "ஏன் கண்ணு, வண்டி இழுக்க மாட்டேங்குது?" என்று அம்மா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஹசார்டு விளக்கைப் போட்டு, அடுத்த வளைவுக்கு முன்னால் கிடைத்த சிறு இடத்தில் ஒதுங்கினேன். சூடான இன்ஜினில் விரலைச் சுட்டுக்கொண்டு பெட்டியைக் கழற்றி, பழைய கனெக்டர்களை மாட்டி, சாவியைத் திருப்பினேன். பலம் திரும்பியது, இன்ஜின் விளக்கு மட்டும் மைசூர் வரை எரிந்துகொண்டே வந்தது. கருவியில் பார்த்தபோது பி0236 என்ற பிழை பதிவாகியிருந்தது, அதாவது பூஸ்ட் சென்சாரின் அளவு நம்பும்படி இல்லை என்பது அதன் பொருள். ஆக்சிலரேட்டரை விட்டு உடனே மிதிக்கும் அந்த நொடியில் இரண்டு சென்சார்களின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால், இசியு இரண்டையும் சந்தேகித்துத் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது என்றே கருதுகிறேன். இசியு தன் கடமையைத்தான் செய்தது. அந்த வளைவில் மூன்று உயிர்கள் இருந்ததை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறவில்லை.

ஊர் திரும்பியதும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். போகும்போதே உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்ற குழப்பம் இருந்தது. பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது என்று விற்றவரும் சொல்லியிருந்தார், பெட்டி மாட்டிய நண்பர்களும் அதையே செய்கிறார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்பே மெக்கானிக் இன்ஜின் மூடியை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சர்வீஸ் அட்வைசரை அழைத்தார். இன்ஜின் முழுவதும் செம்மண் தூசி படிந்திருக்க, இரண்டு சென்சார் கனெக்டர்கள் மட்டும் புதிதாகத் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தன. ஒன்றின் பூட்டில் நகம் கீறிய வெள்ளைக் கோடும் தெரிந்தது. "சார், பாக்ஸ் ஏதாச்சும் போட்டிருந்தீங்களா? கழட்டிட்டு வந்தாலும் தூசி காட்டிக் குடுத்துரும்ங்க" என்றார் அட்வைசர். கோபமோ மிரட்டலோ இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பிழை பதிவான நேரத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற தகவலை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். சேதம் ஏதும் இல்லை. சோதனைக் கட்டணம் 1,180 ரூபாயை வாரண்டியில் சேர்க்காமல் என்னிடமே வாங்கினார்கள், அது நியாயம். வெளிப்பொருள் பொருத்தப்பட்டிருந்தது, இப்போது அகற்றப்பட்டுள்ளது என்று ஜாப் கார்டில் ஒரு வரி எழுதினார்கள். அந்த வரி இனி என் காரின் வரலாற்றில் இருக்கும்.

விற்பனையாளர்கள் வாரண்டி பற்றிச் சொல்லும் ஒரு வாதத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 'பெட்டியால்தான் சேதம் என்று கம்பெனி நிரூபித்தால் மட்டுமே வாரண்டியை மறுக்க முடியும்' என்பார்கள். இது 1975-இல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தை ஒட்டி அங்கே பேசப்படும் வாதம். அதையே இங்கே இறக்குமதி செய்து பேசுகிறார்கள். நம் நாட்டில் அதே போன்ற தனிச் சட்டம் இல்லை. வாரண்டிப் புத்தகத்தில் உள்ள நிபந்தனைகளே முதலில் பேசும். அங்கீகரிக்கப்படாத மாற்றங்களால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி அநேகமாக எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் டர்போ போய் வண்டி நின்றுகிடக்கும்போது வழக்கு நடத்தும் பொறுமையும் பணமும் எத்தனை பேருக்கு இருக்கும்? இதற்கு மேல், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் நம் கோரிக்கையை மறுக்க அவர்கள் கையில் நாமே கொடுக்கும் காரணம்.

இசியுவின் மென்பொருளையே மாற்றும் ரீமேப் இதைவிட நல்லதா என்று கேட்பார்கள். பொறியியல் முறையில் பார்த்தால், திறமையானவர் செய்தால், நல்லது. பூஸ்ட், பெட்ரோல், தீப்பொறி நேரம், டார்க் வரம்பு என எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறார்கள். இன்ஜினிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஆனால் மென்பொருள் மாறியது தெரிந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் டிடி1 என்ற குறியை அந்தக் காரின் கோப்பில் பதிந்துவிடுவார்கள், அதன் பிறகு இன்ஜின் சம்பந்தப்பட்ட வாரண்டி கேட்பது கடினம். பெட்டி மென்பொருளைத் தொடுவதில்லை என்பதால் இந்தக் குறியிலிருந்து தப்பிக்கிறது. இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: வாரண்டியில் இருக்கும் கார்களுக்கு இந்தப் பெட்டிகள் இவ்வளவு விற்பதற்கு, அவை ரீமேப்பைவிடச் சிறப்பாக வேலை செய்வது காரணம் இல்லை, கழற்றி ஒளித்துவைக்க முடிவதுதான் காரணம். சேதத்தை நாம் செய்துவிட்டு, பெட்டியை ஒளித்து, பணத்தை வேறொருவரிடம் கேட்பது சரியில்லை. அந்தக் காரை நாளை வாங்கப்போகிறவருக்கும் அது செய்யும் அநியாயம்.

நேர்வழியும் இல்லாமல் இல்லை. வால்வோ தன் டீலர்கள் மூலமாகவே போல்ஸ்டார் என்ற பெயரில், வாரண்டியைப் பாதிக்காத திறன் கூட்டும் மென்பொருளை விற்றது. பிரிட்டனில் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி காருக்கு மவுன்ட்யூன் நிறுவனம் செய்த தொகுப்பும் ஃபோர்டு வாரண்டியோடு கிடைத்தது. நம் ஊரில் நம் விலைக்கு வரும் கார்களுக்கு அப்படி ஒன்று வந்தால், இந்தப் பெட்டிக்குக் கொடுத்த விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கவும் நான் தயார். அதுவரை, இன்னும் கார் வாங்காதவர்களுக்கு என் யோசனை எளியது: இழுவை போதாது என்று தோன்றினால், கடன் கொஞ்சம் கூடினாலும், அதே காரில் 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் தரும் 1.5 லிட்டர் இன்ஜினை வாங்குங்கள். அந்தப் பலத்துக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. வாரண்டி முடிந்த காரை வைத்திருப்பவர், இன்ஜினோ டர்போவோ போனால் தன் கையிலிருந்து செலவழிக்கத் துணிந்தவர், நல்ல ஆயிலும் 95 ஆக்டேனும் போடுபவர், இந்தப் பெட்டியை வாங்கலாம். நடுத்தர நிலையோடு நிறுத்திக்கொண்டால் கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு. பெரிய கியரில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே முழுவதும் மிதிக்காமல் இருக்கவும் பழகிக்கொள்ள வேண்டும்.

என் காரின் வாரண்டி 2027 ஜனவரி வரை இருக்கிறது. அதன் பிறகு ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி, சிலிண்டர்களின் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) சோதித்து, கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ரீமேப் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பேன். இப்போது மலை ஏறும்போது வளைவுக்கு முன்னாலேயே ஒரு கியர் இறக்கிவிடுகிறேன். அந்தத் தயக்கம் பெரிதாகத் தெரிவதில்லை. பெட்டி அதன் அட்டைப்பெட்டியிலேயே, ஜாப் கார்டின் நகலோடு, அலமாரியில் இருக்கிறது. காரை விற்கும் நாளில் வாங்குபவரிடம் அந்த நகலைக் கொடுப்பேன்.